முதலீட்டு வங்கியின் வாயிலும் வாவிக்கரை மாணவரும்

மட்டக்களப்பு வாவி நம் பிரதேசத்தை எழுவான்கரை எனவும் படுவான்கரை எனவும் இரண்டாகப் பிரித்து நிற்கின்றது. கதிரவன் எழுங்கரையிற் பட்டினமும் பழைய கல்லூரிகளும் அமைந்தன. கதிரவன் படுங்கரையில் வயல்களும் சிற்றூர்களும் பரந்தன. மண்முனையில் 2014 ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை, அவ்விடத்தில் வாவியைக் கடக்க விரும்பியோர் பாதையின் வரவுக்காகத் துறையிற் காத்திருந்தனர். பாலம் வந்தபின் படுவான்கரை மாணவரின் அறிவு திடீரெனப் பெருகிவிடவில்லை. முன்னரும் அது குறைந்திருக்கவில்லை. பெருகியது அணுகும் வசதி ஒன்றேயாம். உலகப் பெருவங்கிகள் சில மாணவர்க்கென நடத்திவரும் பல்வகைமை அறிமுக நிகழ்வுகளின் நோக்கத்தை விளங்கிக்கொள்ள இவ்வுதாரணம் பெரிதும் துணைபுரியும். அத்தகைய நிகழ்வு யாது, அது ஏன் தோன்றியது, நம் மாணவர் அதிற் பங்குபற்றுவதாற் பெறுவது என்ன என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் முதலீட்டு வங்கி என்பது யாது எனக் காண்போம். நாம் அன்றாடம் செல்லும் வங்கி வைப்புக்களை ஏற்றுக் கடன் கொடுப்பது. முதலீட்டு வங்கியின் தொழில் வேறு. பெருந்தொகை வேண்டி நிற்கும் அரசுக்கும் கம்பனிக்கும், அத்தொகையைத் தரவல்ல முதலீட்டாளருக்கும் நடுவே அது நிற்கின்றது. எவ்வளவு தொகையை, எவ்வகைப் பத்திரத்தின் மூலம், எவ்விலைக்குத் திரட்டலாம் என அது மதிப்பிடுகின்றது. பங்குகளையும் பிணைமுறிகளையும் விற்றுக் கொடுக்கின்றது. ஒரு கம்பனி இன்னொன்றை வாங்கும்போது ஆலோசனை கூறுகின்றது. இச்சேவைகளுக்காக அது கட்டணம் பெறும். நம் ஊரிற் சீட்டுப் பிடிப்பவர் யாருடைய வாக்கை நம்பலாம், யாருக்கு எப்போது பணம் தேவைப்படும் என நிதானிப்பதுபோன்ற ஒரு நிதானமே இத்தொழிலுக்கும் அடிப்படையாம். அளவுதான் பல்லாயிரம் மடங்கு பெரிது.

இத்தொழில் நமக்கு எட்டாத் தொலைவிலுள்ளது என்று எண்ணுதல் தவறாகும். இலங்கை அரசு 2007 ஆம் ஆண்டு முதன்முறையாகச் சர்வதேச நாணயச் சந்தையில் 50 கோடி டொலர் பெறுமதியான பிணைமுறிகளை வெளியிட்டபோது, அவற்றை விற்றுக்கொடுக்க முன்னின்றவை பார்க்லேஸ், எச்.எஸ்.பி.சி., ஜே.பி. மோர்கன் ஆகிய வங்கிகளாம். 2022 ஆம் ஆண்டு ஏப்ரல் 12 ஆந் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. அதன்பின் அரசுக்கு ஆலோசனை கூற லசாட் என்னும் முதலீட்டு வங்கி அமர்த்தப்பட்டது. பிணைமுறியாளர் பக்கத்தில் ரொத்ஸ்சைல்ட் நின்றது. ஏறத்தாழ 1,250 கோடி டொலர் பெறுமதியான பிணைமுறிகளின் மறுசீரமைப்பு 2024 டிசம்பரிலேயே நிறைவேறியது. இதற்கிடையில், 2023 ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த திறைசேரி முறிகளும் புதிய முறிகளாக மாற்றப்பட்டன. வாவிக்கரைக் கடையொன்றிற் சம்பளத்துக்கு வேலை செய்பவரின் முதுமைக்காலச் சேமிப்பும் இவ்வாறு அக்கணக்கினுள் அடங்கியது. நம் வாழ்வைத் தீர்மானிக்கும் கணக்கைப் போடுவோர் யார், அவர்கள் எவ்வாறு தெரிந்தெடுக்கப்படுகின்றனர் என வினவ நமக்கு உரிமை உண்டு.

அவ்வினாவுக்கு வரலாறு தரும் விடை உவப்பானதன்று. நியூயோர்க் பங்குச் சந்தையில் உறுப்புரிமையை விலைக்கு வாங்கிய முதற் பெண்மணியான முரியல் சீபர்ட் 1967 ஆம் ஆண்டிலேதான் உள்ளே நுழைந்தார். அங்கு முதற் கறுப்பின உறுப்பினர் சேர்ந்தது 1970 இல். இலண்டன் பங்குச் சந்தை பெண்களை உறுப்பினராக ஏற்றது 1973 இல். சட்டத்தடைகள் நீங்கியபின்னரும் வழக்கத்தின் தடை நீங்கவில்லை. ஏனெனில் இத்தொழிலிற் புகும் வழி ஒரு சங்கிலி போன்றது. பிரித்தானியாவில், பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டிலே வங்கியொன்றின் சில நாள் அறிமுகப் பயிற்சி. அதிற் சிறந்தோர்க்கு அடுத்த ஆண்டுகளிற் கோடைகாலப் பயிற்சி. அதிலும் சிறந்தோர்க்குப் பட்டம் பெறுமுன்னரே பதவி. தந்தையோ மாமனோ இத்தொழிலில் இருப்பின், மாணவன் இச்சங்கிலியின் முதற்கண்ணியை வீட்டிலேயே அறிந்துகொள்வான். அறிவிப்பார் இல்லாத மாணவனோ இறுதியாண்டில் விண்ணப்பிக்கத் தொடங்குவான். அதற்குள் இடங்களிற் பெரும்பாலானவை நிரம்பிவிடும். அவன் தோற்றது பரீட்சையில் அன்று, காலத்தை அறியாமையில்.

இக்குறையைப் போக்கும்பொருட்டே அறிமுக நிகழ்வுகள் தோன்றின. நியூயோர்க்கில் 1963 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட எஸ்.ஈ.ஓ. என்னும் தொண்டு நிறுவனம் இத்துறையில் ஒரு முன்னோடியாம். அதன் இலண்டன் கிளை நிறுவனம் 2000 ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகின்றது. பெண்கள், சிறுபான்மை இனத்தவர், உடற்குறையுடையோர், தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் சென்றோர் முதலியோர்க்கெனச் சில மணிநேரமோ சில நாட்களோ இவை நடைபெறும். மூத்த உத்தியோகத்தர் வங்கியின் பிரிவுகளை விளக்குவார். இளையோர் தம் அன்றாட வேலையைக் கூறுவர். ஒரு கம்பனியை எவ்வாறு மதிப்பிடுவது எனச் சிறு பயிற்சி நடைபெறும். விண்ணப்பம் எழுதும் முறையும் நேர்முகப் பரீட்சையின் இயல்பும் விளக்கப்படும். 2020 ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது வங்கிகள் பல இவற்றை இணையவழி மெய்நிகர் நிகழ்வுகளாக மாற்றின. அவ்வழி இன்றும் கைவிடப்படவில்லை.

இதனைப் பங்கீட்டு முறையோடு ஒன்றாகக் கருதுவோர் உளர். அது பொருந்தாது. நம் நாட்டிற் பல்கலைக்கழக அனுமதியிற் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றது. இது இடத்தையே பங்கிடும் முறை. அறிமுக நிகழ்வு இடத்தைப் பங்கிடுவதன்று, செய்தியைப் பங்கிடுவது. அதன்பின் நடைபெறும் தேர்வு யாவர்க்கும் ஒன்றே. ஆகவே அதிற் பங்குபற்றுவதால் மாணவனின் திறமைக்கு இழுக்கொன்றும் வாராது.

எனினும் அதன் எல்லைகளையும் மறைத்தலாகாது. வங்கிகளின் உறுதி காலத்துக்குக் காலம் மாறும் இயல்பினது. இயக்குநர் சபையிற் பல்வகைமை இல்லாத கம்பனிகளின் பங்குகளை முதன்முறை சந்தைக்குக் கொண்டுவர உதவமாட்டோம் என 2020 இல் அறிவித்த கோல்ட்மன் சாக்ஸ், 2025 இல் அவ்விதியைக் கைவிட்டது. நிகழ்வுகள் பல, அவ்வந்நாட்டிற் கற்போர்க்கும் அங்கு வேலைசெய்யும் உரிமையுடையோர்க்கும் மட்டுமே உரியன. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வணிக முகாமைத்துவ மாணவன் ஒருவன் நிபந்தனைகளை நுணுகிப் படியாது நம்பிக்கை வைப்பின் ஏமாற்றமே எஞ்சும். இலண்டனில் மாலை 4 மணி எனின் இங்கு கோடைகாலத்தில் இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30 என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். பங்குபற்றுதற்குப் பணங்கேட்கும் அழைப்புக்களை ஐயுறுதல் அறிவுடைமையாம்.

அவ்வாறாயின் இதனால் நமக்குப் பயன் என்ன? பயன் கேள்வியிலே தங்கியுள்ளது. வெறுமனே கேட்டிருப்பவன் வங்கியின் புகழுரையை மட்டும் கேட்டுத் திரும்புவான். ஆயத்தத்துடன் செல்பவன் நான்கு வினாக்களைக் கொண்டு செல்லவேண்டும். என் பல்கலைக்கழகத்திலிருந்து விண்ணப்பிக்கலாமா? வெளிநாட்டவர்க்கு வேலை அனுமதி பெற்றுத் தருவீர்களா? முன்னர் இந்நிகழ்விற் பங்குபற்றியோரில் எத்தனை பேர் பதவி பெற்றனர்? இளநிலை உத்தியோகத்தர் வாரத்துக்கு எத்தனை மணிநேரம் உழைக்கின்றனர்? மூன்றாம் வினாவுக்கு எண்ணினால் விடை கூறும் வங்கியின் வாயில் மெய்யாகவே திறந்துள்ளது என்க. எண் கூறாது இனிய சொற்களையே கூறுமாயின் அது திறந்திருப்பதுபோலத் தோற்றுவது மட்டுமே.

நம்மவர்க்குத் திறமை இல்லையோ என்னும் ஐயத்துக்கு இடமில்லை. 1996 இல் இலங்கையில் தொடங்கப்பட்ட மிலேனியம் ஐ.ரி. என்னும் கம்பனியை இலண்டன் பங்குச் சந்தைக் குழுமம் 2009 இல் விலைக்கு வாங்கியது. 2011 முதல் இலண்டன் சந்தையின் வர்த்தகமே அக்கம்பனி ஆக்கிய மென்பொருளில் நடைபெறலாயிற்று. இந்நாட்டுப் பொறியியலாளரின் மதிநுட்பம் அச்சந்தையின் உள்ளே சென்று அமர்ந்துவிட்டது.

இனி வேண்டுவது ஆசிரியரும் பழைய மாணவரும் ஆற்றவேண்டிய தொண்டாகும். வணிகப்பிரிவு ஆசிரியர்கள் ஆண்டுதோறும் உயர்தர வகுப்பிலேயே இச்சங்கிலியின் கண்ணிகளை எடுத்துரைக்கலாம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் நிதித்துறையிற் பணிபுரியும் பழைய மாணவர்கள், ஆண்டுக்கு ஒரு மாலைப்பொழுதைக் கல்லூரிக்கு ஒதுக்கி, கணனித் திரையினூடாகத் தம் தொழிலைப் பற்றித் தமிழிலே பேசலாம். அதற்குப் பெருவங்கியின் அழைப்பு வேண்டியதில்லை, நிபந்தனைகளும் இல்லை. பிறர் கட்டும் பாலத்துக்காக மட்டும் காத்திராது, நம் துறையிலிருந்து நாமும் ஒரு பாதையை விடுதல் கூடும். அக்கரையை முன்னர் கண்டவர் வழிகாட்டின், இக்கரையில் நிற்கும் பிள்ளை காலந்தாழ்த்தாது கடந்துவிடும்.