ஆற்றங்கரை வாசிப்பு – 9: நெல் வராத வீடு

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டுவிட்டால், நீங்கள் எவ்வளவு அவசரக்காரராக இருந்தாலும் இறங்கி ஒரு டீ குடித்துவிடலாம். பயணிகள் வண்டி போனால் மட்டும் போதாது. நெல் ஏற்ற வந்த சரக்கு ரயில் முன்னும் பின்னும் நகர்ந்து முடிக்கிறவரை கேட்டுக்கு இரண்டு பக்கமும் பஸ்கள் நிற்கும். சுற்றுப்பட்டுக் கொள்முதல் நிலையங்களிலிருந்து லாரியில் வரும் நாற்பது கிலோ சிப்பங்களைத் தலையில் வாங்கி வேகனில் அடுக்கிக்கொண்டே இருப்பார்கள். வெளி மாவட்டங்களுக்கு அரவைக்குப் போகிற நெல். இந்த ஊரில் நெல்லுக்குத்தான் முதல் வழி. மனுஷர்கள் அப்புறம்.

'மோகமுள்' பற்றி எழுதுவதாகச் சொல்லிவிட்டு நெல்லை அளந்துகொண்டிருக்கிறானே என்று நினைக்காதீர்கள். மன்னார்குடிப் பக்கத்துத் தேவங்குடியில் 1921இல் பிறந்த தி. ஜானகிராமன் எழுதிய அந்தப் பெரிய நாவல், ஐம்பதுகளின் நடுவில் 'சுதேசமித்திரன்' வாரப் பதிப்பில் தொடராக வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அதைக் காமத்தின் நாவல் என்றும் சங்கீதத்தின் நாவல் என்றும் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். 1995இல் ஞான ராஜசேகரன் எடுத்த படமும், இளையராஜா துணையோடு, அந்த இரண்டையும்தான் பிடித்துக்கொண்டது. தப்பில்லை. ஆனால் டெல்டாக்காரன் படித்தால் அதற்கு அடியில் இன்னொரு கணக்கு ஓடுவது தெரியும். யார் வீட்டுக்கு நெல் வருகிறது, யார் வீட்டுக்கு வருவது நின்றுபோகிறது என்கிற கணக்கு.

நாவலின் நாயகி யமுனா. அவள் அம்மா பார்வதி மராட்டியப் பெண். மிராசுதார் சுப்ரமணிய ஐயருக்கு இரண்டாம் தாரம். ஐயர் இருக்கிறவரை அந்த வீட்டில் எதற்கும் குறைவில்லை. அவர் கண்ணை மூடியதும் மூத்தாள் வீட்டுக் கை இறுகுகிறது. பண்டம் பாத்திரம் குறைகிறது. பெண் பார்க்க வருகிறவர்கள், அம்மா மராட்டியக்காரி என்று தெரிந்ததும் சாக்குச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். யமுனாவைவிடப் பத்து வயது இளையவன் பாபு. அவன் அவளைத் தெய்வமாக நினைத்து உருகிக்கொண்டிருக்கும் பக்கங்களிலேயே, அவள் வீட்டு அரிசிப்பானையின் அடி தெரிய ஆரம்பித்துவிடுகிறது. கல்லூரி நாளில் படித்தபோது நானும் பாபுவோடு சேர்ந்து உருகினேன். இப்போது படித்தால் பார்வதி பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

அந்தக் காலச் சட்டத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். கைம்பெண்ணுக்குப் புருஷன் சொத்தில் ஆயுள்வரை அனுபவிக்க உரிமை தரும் சட்டம் 1937இல் வந்தது. ஆனால் அது மாகாணங்களில் விளைநிலத்துக்குச் செல்லாது என்று 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் அதற்குத் தனிச் சட்டம் போட்டது 1947இல்தான். நஞ்சையைத் தவிர வேறு சொத்தே இல்லாத சீமையில், நஞ்சையை விட்டுவிட்டு மற்றதில் உரிமை என்றால் என்ன அர்த்தம்? இலையைப் போட்டு, பாயசத்தை மட்டும் பரிமாறிவிட்டுச் சோற்றுக்கு வேறு வீடு பார் என்கிற மாதிரிதான். பெண்ணுக்கும் தகப்பன் சொத்தில் பங்கு உண்டு என்ற வாரிசுரிமைச் சட்டம் 1956இல் வந்தது. யமுனாவுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவள் கதை நடப்பது அதற்கு முன்னால். தி.ஜா. இந்தச் சட்டங்களில் ஒன்றைக்கூட நாவலுக்குள் இழுக்கவில்லை. இழுத்திருந்தால் கெட்டிருக்கும்.

எங்கள் ஊருக்கு யமுனா என்ற பெயர் புதிதல்ல. 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர், யமுனாம்பாள் பெயரில் இங்கே சத்திரம் கட்டினார். தஞ்சை மராட்டியர் சத்திரங்களுக்கு நிலம் எழுதி வைத்திருந்தார்கள். அதில் விளைந்த நெல்தான் ராமேஸ்வரம் போகிற யாத்ரீகனுக்கும் வழிப்போக்கனுக்கும் சோறாக விழுந்தது. தி.ஜா. இதை வைத்துத்தான் தன் நாயகிக்குப் பெயரிட்டார் என்று நான் கயிறு திரிக்க மாட்டேன். ஆனால் சத்திரத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம், ஊருக்கே சோறு போட்ட யமுனாவும் ஒருவேளைச் சோற்றுக்குத் தவித்த யமுனாவும் சேர்ந்தேதான் ஞாபகம் வருகிறார்கள்.

நாவலின் உச்சம் என்று எல்லாரும் சொல்கிற சென்னைப் பகுதியையும் இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். வறுமை துரத்தித்தான் யமுனா அங்கே வந்து சேர்கிறாள். இத்தனை வருஷம் மறுத்துவந்தவள் கடைசியில் பாபுவுக்குத் தன்னைத் தருகிறாள். அதைக் காதலின் வெற்றி என்று படிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த இடத்தில் அவள் பேச்சில் இருக்கிற நிதானம், பட்ட கடனைத் தீர்த்து எழுந்துகொள்கிறவர்களுடையது.

பாபுவின் சங்கீத குரு ரங்கண்ணாவைப் பற்றித் தனியாகவே ஓர் அத்தியாயம் எழுதலாம். காசுக்கும் கைத்தட்டலுக்கும் பாடாமல், சுருதி ஒன்றே கதி என்று கும்பகோணத்தில் உட்கார்ந்திருக்கிற கிழவர். ஸ்வரம் எது, சத்தம் எது என்று பிரித்துக் கேட்கிற அந்தக் காது தமிழ் நாவலில் அதற்கு முன் இல்லை. மராட்டியப் பாடகர்கள் வந்து பாடும்போது அந்தக் குரல் பயிற்சியின் முன் எல்லாரும் வாயடைத்துப்போகிற இடத்தைப் படித்துவிட்டு உடனே அடுத்த பக்கத்தைப் புரட்ட முடியாது. வாரப் பத்திரிகையில் படித்தவர்கள் பாக்கியசாலிகள். அவர்களுக்கு நடுவில் ஒரு வாரம் கிடைத்திருக்கும்.

எனக்கு ஆறாத இடம் தங்கம்மா. கிழவனுக்கு வாழ்க்கைப்பட்ட பக்கத்து வீட்டுச் சின்னப் பெண். பாபுவிடம் வருகிறாள், பிறகு அவனால் ஒதுக்கப்படுகிறாள், உயிரை மாய்த்துக்கொள்கிறாள். நாவல் அவளுக்காக ரொம்ப நேரம் நிற்பதில்லை. பாபு தன் குற்ற உணர்ச்சியோடு போராடப் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது. அவளுக்கு அவ்வளவு இல்லை. சோற்றுக்கு வழி உள்ள வீடு என்றுதானே அவளை அங்கே கொடுத்திருப்பார்கள்?

நெல் யார் வீட்டுக்குப் போனது என்று இவ்வளவு நுட்பமாகச் சொல்கிற நாவல், அதை யார் நட்டார்கள் என்று கேட்பதில்லை. இதே நீடாமங்கலத்தில் 1937 டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட தாழ்த்தப்பட்டவர்களை அடித்து, மொட்டையடித்து, சாணிப்பால் குடிக்க வைத்தார்கள். ஆ. திருநீலகண்டன் அதைத் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது, 'மோகமுள்' தொடராக வருவதற்குச் சில வருஷம் முன்பு. பாபுவின் கும்பகோணத்துக்குள் இந்தச் சத்தம் எதுவும் எட்டவில்லை. தி.ஜா. தனக்குத் தெரிந்த தெருவை எழுதினார், அதைப் போல இன்னொருவர் எழுதவில்லை. அதற்காக அந்தத் தெருவோடு தஞ்சை முடிந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

யமுனா அரிசிக்குத் திண்டாடிய அதே காலத்தில், அதே ஜில்லாவில், மணலூர் மணியம்மை என்ற பிராமணக் கைம்பெண் தலைமுடியைக் கத்தரித்து, வேட்டி கட்டிக்கொண்டு, பண்ணையாட்களுக்காகக் களத்தில் நின்றுகொண்டிருந்தார். ராஜம் கிருஷ்ணன் அவரை வைத்து எழுதிய 'பாதையில் பதிந்த அடிகள்' அடுத்த வாரம்.