பெற்றாரின் செவியும் கைத்தொலைபேசியும்

நுவரெலியா, ஹற்றன் பகுதித் தோட்டப் பாடசாலைகளிலே பெற்றார் கூட்டம் நிகழும் நாள்களில் இருக்கைகள் பல வெறுமையாய்க் கிடத்தலை ஆசிரியர் அறிவர். உடனே, “இவர்களுக்குக் கல்வியில் அக்கறையில்லை” என்று தீர்ப்புரைத்து விடுகின்றனர் சிலர். முற்பகல் பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால், விடியலிற் பெரட்டுக்களத்துக்குச் சென்று மலையேறிய தாய் எங்ஙனம் வருவாள்? வந்தால் அன்றைய ‘பேர்’ போய்விடும். நாட்கூலி ஆயிரம் ரூபா என விதிக்கப்பெற்றதே 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலேதான். மகன் கணக்கிலே பின்தங்கியுள்ளான் என்னும் ஒரு வாக்கியத்தைக் கேட்க அவள் கொடுக்கும் விலை சிறிதன்று.

இவ்விலகல் நேற்றுத் தோன்றியதுமன்று. தோட்டத்துச் சிறுவர்க்குக் கல்வி வசதி செய்யும் கடமையை 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் துரைமாரிடம் ஒப்படைத்தது. 1970களின் பிற்பகுதியிலிருந்து அப்பள்ளிகளை அரசு பொறுப்பேற்றது. திறவுகோல் கைமாறிற்று; பெற்றார் நின்ற இடம் மாறவில்லை. மகனை உருவாக்கும் கடனைப் பகுத்த புறநானூற்றுப் பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் என்போரைக் கூறினாரேயன்றி ஆசிரியனைக் கூறினாரல்லர். நாமோ ஆசிரியனை வைத்துக்கொண்டு தாய் தந்தையரை வாயிலிலே நிறுத்திவிட்டோம்!

2020ஆம் ஆண்டு மார்ச்சிலே பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கைத்தொலைபேசி லயத்துக் காம்பராவினுள் வகுப்பறையாய்ப் புகுந்தது. அலை கிட்டாமல் மாணவர் குன்றேறிய துன்பத்தைப் பலரும் எழுதிவிட்டனர். அக்காலத்திலே தோன்றிய வட்ஸ்அப் குழுக்கள் பள்ளி திறந்த பின்னரும் நிலைத்துள்ளன. நாம் சொல்லக் கருதியது அவற்றைப் பற்றியே.

அக்குழுக்களிலே நாம் பெரிதும் அனுப்புவது எழுத்து. “தங்கள் பிள்ளையின் அடைவு மட்டம் திருப்திகரமாக இல்லை” என்று எழுதுகிறோம். எழுத்தறியாத தாய்க்கு அதனை வாசித்துக் காட்டுபவன் யார்? அப்பிள்ளையேயன்றோ! குற்றஞ் சாட்டப்பட்டவனே குற்றப்பத்திரிகையை வாசிக்கிறான். ‘இல்லை’ என்னும் ஈற்றுச் சொல் அவன் வாயிலே மறைந்து போதலும் உண்டு. அன்றியும், ‘அடைவு மட்டம்’ என்பது எழுத்தறிந்தார்க்கும் விளங்காத தொடர்.

அதே கருவி குரலையும் சுமக்கவல்லது. “உங்கள் மகன் நன்றாக வாசிக்கிறான், நீண்ட சொற்களிலே மட்டும் தடுமாறுகிறான். இரவிலே பத்து நிமிடம் உரத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்” என்று ஆசிரியர் அரை நிமிடம் பேசி அவளுக்குத் தனியே அனுப்பினால் அவள் செய்வதற்கு ஒன்று கிடைக்கிறது. வாசிக்கத் தெரியாதவள் எவ்வாறு திருத்துவாள் என்று ஐயுறற்க. காமன்கூத்தையும் பொன்னர் சங்கர் கதையையும் செவிவழியே காத்துத் தந்த மக்கள் இவர்கள். எந்த இடத்திலே குரல் தட்டுகிறது என்பதை அச்செவி அறியும்.

இதற்கு ஆபிரிக்காவிலும் ஒரு சான்றுண்டு. 2020இலே பள்ளிகள் மூடியிருந்த காலத்திற் போட்சுவானா நாட்டிலே ஏறத்தாழ 4,500 குடும்பங்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு சாரார்க்குக் குறுஞ்செய்தி மட்டும் சென்றது. மற்றொரு சாரார்க்கு அதனோடு வாரந்தோறும் சுமார் இருபது நிமிடத் தொலைபேசி அழைப்பும் சென்றது. பெற்றாரும் பிள்ளையும் உடனிருந்து கணக்குச் செய்தனர். கணக்கறிவிலே தெளிவான முன்னேற்றம் கண்டவர் அழைப்புப் பெற்றவரே. குறுஞ்செய்தி மட்டும் பெற்றவரிடம் அத்துணைப் பயன் காணப்படவில்லை.

இவ்வேலையும் ஆசிரியர் தலையிலேயா என்று சக ஆசிரியர் வினவுவர். நியாயமான வினாவே, நாற்பது பிள்ளைகளுக்கும் நாள்தோறும் பேசுதல் இயலாது. நாளொன்றுக்கு இருவர் என்றால் ஒரு தவணையிலே வகுப்பு முழுவதற்கும் முறை வந்துவிடும். மறுமொழி வரும் நேரம் மட்டும் நம் கையில் இல்லை. கொழுந்து நிறுத்து, நீரெடுத்து, அடுப்பு மூட்டிய பின்னரே அவளுக்கு ஓய்வு.

மறுமொழி தோட்டத்திலிருந்துதான் வரும் என்பதுமில்லை. குவைத்து, சவூதி நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் சென்ற தாய்மார் மலையகத்திற் பலர். அத்தகைய ஒருத்திக்கு, நான்காந் தரத்திற் கற்கும் மகள் பாடம் வாசித்ததைப் பதிவு செய்து அனுப்பினார் எமக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர். மறுநாள் விடியலிலே அவளுடைய குரல் வந்திருந்தது: “சார், ‘ழ’ இன்னும் ‘ள’ மாதிரித்தான் கேக்குது.”