த்ரெட்டுக்கு ஒரு சாவி

ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிட்டால், வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரி பெரும்பாலும் நினைவகத்தின் ஸ்டாக்கில்தான் காத்திருக்கும். ஹேக்கர்களுக்குப் பிடித்த இடமும் அதுதான். அந்த ஒரு எண்ணை மாற்றிவிட்டால் நிரல் அவர்கள் சொன்ன இடத்துக்குப் போய் நிற்கும்.

இதற்கு ஆர்ம் நிறுவனம் 2016-இல் ஒரு பூட்டை அறிவித்தது. ‘பேக்ஐஏஎஸ்பி’ என்ற கட்டளை, முகவரி, ஸ்டாக் எங்கே நிற்கிறது என்ற விவரம், ஒரு ரகசியச் சாவி ஆகிய மூன்றையும் கலந்து சின்னதாக ஒரு குறியீட்டைக் கணக்கிடும். 64 பிட் முகவரியில் சும்மா கிடக்கும் மேல் பிட்டுகளில் பத்திரத்தில் முத்திரை குத்துவது போல அதைப் பதித்துவிடும். திரும்பும்போது ‘ஆட்ஐஏஎஸ்பி’ சரிபார்க்கும். முத்திரை பொருந்தாவிட்டால் நிரல் அங்கேயே விழும்.

சரி, சாவி எங்கே இருக்கிறது?

ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட்டின், அதாவது நிரலுக்குள் தனித்து ஓடும் ஒரு வேலைச்சரத்தின், சாவி ப்ராசஸரின் தனி ரெஜிஸ்டர்களில் இருக்கும். சாதாரண நிரல் அதைப் பயன்படுத்தலாம், படிக்க முடியாது. த்ரெட் ஓய்வுக்குப் போனால், ஒவ்வொரு த்ரெட்டுக்கும் லினக்ஸ் கெர்னல் வைத்திருக்கும் விவரக் கட்டமைப்பில் அதன் சாவிகள் காத்திருக்கும். நிரலுக்கு 5 சாவிகள், ஒவ்வொன்றும் 128 பிட். ஆக 80 பைட். கெர்னல் தன் உபயோகத்துக்கு வைத்திருப்பது இன்னும் ஒன்று, 16 பைட். அடுத்த த்ரெட்டின் முறை வந்ததும் அதன் சாவிகள் ரெஜிஸ்டர்களில் ஏறும்.

இங்கே ஒரு சுவாரஸ்யம். கெர்னலுக்கான சாவி உண்மையிலேயே த்ரெட்டுக்கு ஒன்று. த்ரெட் பிறக்கும்போதே புதிதாக உருவாகும். நிரலின் 5 சாவிகளோ அப்படியல்ல. ஒரே நிரலின் எல்லா த்ரெட்டுகளுக்கும் அவை பொது. காரணம் எளிது: த்ரெட்டுகள் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று முத்திரையிட்டு வைத்த முகவரியை இன்னொன்று எடுத்துப் பயன்படுத்த வேண்டி வரும். சாவி வேறாக இருந்தால் நல்ல நிரலே செத்துவிடும். கெர்னலுக்குள் அந்தச் சாவி த்ரெட்டின் சொந்த ஸ்டாக்கில் உள்ள திரும்பும் முகவரிகளுக்கு மட்டும்தான், அதனால் தனிச்சாவி சாத்தியம். புதிய நிரல் ஒன்று ஏற்றப்படும்போது லினக்ஸ் புதுச் சாவிகளை வழங்கும். ஒரு நிரல் ஃபோர்க் செய்து, அதாவது தன்னையே நகலெடுத்து, உருவாக்கும் குழந்தை நிரலுக்குத் தாயின் சாவிகளே போகும். ஏற்கெனவே முத்திரையிட்ட ஸ்டாக்கையும் அது சுமந்துகொண்டு வருகிறதே!

லினக்ஸில் நிரல்களுக்கான இந்த வசதி 2019-இல் 5.0 பதிப்பிலும், கெர்னலுக்கானது 2020-இல் 5.7-இலும் வந்தன.

பலவீனங்களும் உண்டு. 48 பிட் முகவரி அமைப்பில் லினக்ஸ் நிரல்களுக்குக் கிடைக்கும் முத்திரை வெறும் 7 பிட், அதாவது 128 சாத்தியங்கள். தப்பாக ஊகித்தால் நிரல் விழும் என்பதே பெரிய காவல். 2022-இல் எம்ஐடி ஆய்வாளர்களின் ‘பேக்மேன்’ தாக்குதல், ஆப்பிளின் எம்1 சிப்பில் நிரலை விழவைக்காமலே ஊகித்துப் பார்க்கலாம் என்று காட்டியது. தவிர, ஓய்விலிருக்கும் த்ரெட்டின் சாவிகள் கெர்னல் நினைவகத்தில் இருப்பதால், அந்த நினைவகத்தைப் படிக்க வழி கண்டுபிடித்தவருக்குச் சாவிகளும் கிடைத்துவிடும்.