அன்னாசி இலை மஞ்சளானால் யூரியா தீர்வாகுமா?

பயிர் மஞ்சளித்தால் யூரியா போடுவது விவசாயிகளிடையே ஊறிப்போன வழக்கம். நெல்லுக்கும் மக்காச்சோளத்துக்கும் பெரும்பாலும் இது பலன் தரும். தென்னந்தோப்பில் ஊடுபயிராக அன்னாசி வைப்பவருக்கோ, இந்த வழக்கமே நட்டமாக முடியலாம். நட்டதிலிருந்து பழம் வெட்ட ஒன்றரை ஆண்டு வரை காத்திருக்க வேண்டிய பயிர் இது. இலையின் குறியைத் தவறாகப் புரிந்துகொண்டால் அத்தனை நாள் உழைப்பும் வீணாகும்.

கொல்லிமலையிலும் கேரளத்து வாழக்குளத்திலும் அன்னாசி செழிப்பதற்குப் புளிப்புத் தன்மையுள்ள மண்ணும் நல்ல மழையுமே காரணம். கார அமில நிலை 5.5 முதல் 6.0 வரை உள்ள மண் இதற்கு ஏற்றது. திருப்பூர் மாவட்டத்தில் பல இடங்களில் மண் சுக்கான் கலந்தது. எனவே உடுமலை, மடத்துக்குளம் பகுதித் தோப்புகளில் அன்னாசி வைக்க விரும்புவோர் முதலில் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

இளம் இலை மஞ்சளா, முதிர்ந்த இலை மஞ்சளா?

குருத்தை ஒட்டிய இளம் இலைகள் மட்டும் வெளுத்து, அடி இலைகள் பச்சையாக இருந்தால் அது இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு மிகுதியால் வேர் அதை எடுக்க முடிவதில்லை. இதற்கு யூரியாவால் பயனில்லை. ஹவாய்த் தீவுகளில் நூறு ஆண்டுகளுக்கு முன் இதே மஞ்சள் நோய் அன்னாசித் தோட்டங்களை அழித்தபோது, அன்னபேதிக் கரைசலை இலையில் தெளித்தே பயிரைக் காப்பாற்றினார்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம் அன்னபேதி கரைத்து, 15 நாளுக்கு ஒருமுறை மாலை வேளையில் தெளிக்கலாம். கரைத்தவுடன் தெளித்துவிட வேண்டும். துருநிறமாக மாறிய கரைசல் உதவாது.

அடி இலைகளிலிருந்து தொடங்கிச் செடி முழுவதும் வெளிறினால் மட்டுமே தழைச்சத்துக் குறைவு எனலாம். அப்போது உரமிடுவது சரியே.

சிவந்து சுருளும் இலை

இலைகள் சிவந்து, ஓரங்கள் கீழ்நோக்கி மடங்கி, நுனி காய்ந்து தொய்ந்தால் அது மாவுப்பூச்சியால் வரும் வாடல் நோய். இலை வாடும் முன்பே வேர் கெட்டுவிடும். இலையின் அடியில் வெண்பஞ்சு போன்ற பூச்சிகளைக் காணலாம். இவற்றைச் செடிக்குச் செடி சுமந்து செல்பவை எறும்புகள். ஆகவே எறும்பை ஒழிப்பதே முதல் வேலை. நோயுற்ற செடியைப் பிடுங்கி அழிக்க வேண்டும். அதிலிருந்து பக்கக்கன்று எடுக்கவே கூடாது.

நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தவுடன் கையோடு வந்து நாற்றமடித்தால் அது குருத்தழுகல். தண்ணீர் தேங்குவதே இதற்குக் காரணம். வடிகால் அமைத்து மேட்டுப்பாத்தியில் நடுவது நல்லது.

நுனி கருகினால் தண்ணீரைப் பாருங்கள்

இலை நுனிகள் வரிசையாகப் பழுப்பேறிக் கருகுவது சப்பைத் தண்ணீரின் அடையாளமாக இருக்கலாம். நொய்யல் கரை விவசாயிகளுக்கு இது புதிதல்ல. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கிய வரலாறும், 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் அனைவரும் அறிந்தவை. கழிவு நின்றாலும் நிலத்தடியில் இறங்கிய உப்பு எளிதில் அகலாது. அத்தகைய கிணறு உள்ளவர்கள் அன்னாசியைத் தவிர்ப்பதே நலம்.

எல்லா மாற்றமும் நோயல்ல. 35 முதல் 40 இலை விட்ட செடியின் நடுவில் சிவப்பு தென்பட்டால் அது பூங்கொத்து வரும் அறிகுறி. மகிழ வேண்டிய செய்தி.

புதிதாகத் தொடங்குவோர் தோப்பின் ஒரு மூலையில் நூறு கன்று மட்டும் நட்டு, ஆறு மாதம் இலைகளைக் கவனிக்கலாம். குருத்து பச்சையாகவும் நுனி கருகாமலும் இருந்தால் அடுத்த பட்டத்தில் பரப்பை விரிவாக்கலாம். இல்லையெனில் நட்டம் நூறு கன்றோடு போகும்.