நீர்க்கடுப்பா? மெடிக்கல்ஸில் மாத்திரை கேட்காதீர்கள், உஷார்!

பங்குனியில் திருமழபாடி நந்தி கல்யாணத்துக்குக் கிளம்பும்போதே, கூட்டத்தில் ஒதுங்க இடம் கிடைக்காதே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் எத்தனை பேர்! கொள்ளிடக் கரையில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்களுக்கோ வருஷம் முழுக்க இதே கதிதான். பகலெல்லாம் அடக்கி வைத்தால் ராத்திரி எரிச்சல் தொடங்கும். "சூடு பிடிச்சிக்கிச்சு" என்று இரண்டு நாள் இளநீர், வெந்தயம். அதற்கும் கேட்காவிட்டால் மெடிக்கல்ஸ். "நீர்க்கடுப்புக்கு ஏதாச்சும் மாத்திரை குடுங்கண்ணே." ஆபத்தே இங்கேதான்.

ஏன் என்கிறீர்களா? நோயில்லாதவர்களின் சிறுநீர்ப்பையில் கிருமியே கிடையாது என்றுதான் மருத்துவ உலகம் வெகுகாலம் நம்பியது. சிகாகோவின் லயோலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இலும் 2014இலும் வெளியிட்ட ஆய்வுகள் அந்த நம்பிக்கையைத் தகர்த்தன. நோயில்லாத பெண்களின் சிறுநீர்ப்பையிலும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. வழக்கமான கல்ச்சர் டெஸ்டில் அவற்றில் பெரும்பாலானவை தென்படுவதே இல்லை. பல பெண்களிடம் அதிகம் காணப்படுவது லாக்டோபாசிலஸ். பிறப்புறுப்பில் அமிலத்தன்மையைக் காத்து, நீர்க்கடுப்புக்கு முதல் காரணமான ஈ.கோலை கிருமியை அண்டவிடாமல் தடுப்பதும் இந்த வகைதான். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைய, இதுவும் குறையும். வயதான அம்மாக்களுக்குத் தொற்று திரும்பத் திரும்ப வருவதற்கு இது முக்கியக் காரணம்.

களைக்கொல்லியைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் பயிரும் கருகும். கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான், காவல் கிருமியையும் சேர்த்தே அழிக்கிறது. பகையோ சாகாமல் தப்பிவிடலாம்: நம் நாட்டு மருத்துவமனைகளில் கிடைக்கும் ஈ.கோலையில் பெரும்பகுதி சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்குவதில்லை. டாக்டர் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதே சட்டப்படி தப்பு.

தண்ணீர் குடியுங்கள், அடக்காதீர்கள். குறைவாகத் தண்ணீர் குடித்து, அடிக்கடி தொற்றால் அவதிப்பட்ட பெண்கள் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்ததில் தொற்று ஏறக்குறைய பாதியானதை 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. (சிறுநீரக, இதய நோயாளிகள் டாக்டரைக் கேட்டுக் குடிக்கவும்.) உள்ளே சோப்போ கிருமிநாசினியோ போட்டுக் கழுவவே கூடாது. பெண்களை வேலைக்கு அழைக்கிறவர்களும் திருவிழா நடத்துகிறவர்களும் தண்ணீர் வசதியுள்ள கழிப்பறைக்கு முதலில் வழி செய்யட்டும்.

குளிர்காய்ச்சல், விலாவலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம் இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பிணிக்கு லேசான எரிச்சல் என்றாலும் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். முதல் மாத்திரையை விழுங்குமுன் சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.