வழக்குக்கு முதல் போடும் முதலாளிகள்

ஐரோப்பாவில் லாரி செய்து விற்கும் பெருங் கம்பெனிகள் ஒன்று சேர்ந்து ஒரு பகற்கொள்ளை நடத்தின. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. 1997 முதல் 2011 வரை, பதினான்கு வருஷம்! நாமக்கல்லில் ஸ்டியரிங் பிடிக்கும் தோழரும், திருச்செங்கோட்டில் ரிக் வண்டி ஏறி ஊர் ஊராகப் போகும் தோழரும் அந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். லாரிக் கதை என்பதற்காக மட்டும் அல்ல. பணமில்லாதவன் கோர்ட்டுக்குப் போகும்போது அவன் பின்னால் யாருடைய பணம் வருகிறது, திரும்பிப் போகும்போது அது எவ்வளவு அள்ளிக்கொண்டு போகிறது என்பதை அந்தக் கதை நமக்குக் காட்டுகிறது.

டெய்ம்லர், வால்வோ, இவெக்கோ, டாஃப், மான் ஆகிய கம்பெனிகள் லாரி விலையை இரகசியமாகக் கலந்து பேசி வைத்துக்கொண்டன. புகையைக் குறைக்கும் புதிய கருவியை எப்போது பொருத்துவது, அந்தச் செலவை வாங்குகிறவன் தலையில் எப்படிக் கட்டுவது என்பதும் அந்தப் பேச்சில் அடக்கம். 2016 ஜூலையில் ஐரோப்பியக் கமிஷன் ஏறத்தாழ 293 கோடி யூரோ அபராதம் விதித்தது. இரகசியத்தை முதலில் கக்கிய மான் கம்பெனிக்கு அபராதமே இல்லை! சமரசத்துக்கு வர மறுத்த ஸ்கானியாவுக்கு மறு வருஷம் 88 கோடி யூரோ தனியாக.

அபராதப் பணம் கஜானாவுக்குப் போயிற்று. கூடுதல் விலை கொடுத்து ஏமாந்த லாரிக்காரனுக்கு என்ன கிடைத்தது? ஒன்றும் இல்லை. வேண்டுமானால் வழக்குப் போட்டு வாங்கிக்கொள் என்றார்கள். இரண்டு லாரி வைத்திருப்பவன் டெய்ம்லர் மீது வழக்குப் போட முடியுமா? வக்கீல், கணக்கு நிபுணர், பத்து வருஷ வாய்தா, தோற்றால் எதிராளியின் செலவும் தன் தலையில். வீடு வாசலை விற்றாலும் காணாது.

இந்த இடத்தில்தான் ஒரு புதுவகை முதலாளி உள்ளே வருகிறான். அவனுக்கு ஆலை கிடையாது, நிலம் கிடையாது. பிறத்தியார் வழக்குதான் அவன் தொழில். "செலவு முழுதும் நான் போடுகிறேன். தோற்றால் என் பணம் போகட்டும். ஜெயித்தால் வருவதில் எனக்குப் பங்கு" என்கிறான். பிரிட்டனில் லாரி உரிமையாளர் சங்கம் இப்படிப்பட்ட பணத்தைக் கொண்டுதான் வழக்கில் இறங்கியது.

எதிர்த் தரப்பு என்ன செய்தது தெரியுமா? டாஃப் கம்பெனியின் சொந்தக்காரனான அமெரிக்கப் பக்கார் கம்பெனி, "நாங்கள் கொள்ளையடிக்கவில்லை" என்று சொல்வதோடு நிற்கவில்லை. "இவர்களுக்குப் பணம் கொடுத்தவன் போட்ட ஒப்பந்தமே சட்டப்படி செல்லாது" என்று வாதாடியது. லண்டன் சுப்ரீம் கோர்ட் 2023 ஜூலை 26-இல் அந்த வாதத்தை ஏற்றது. வழக்காடுகிறவனைக் காப்பதற்காக எழுதிய விதியை, அவனை மடக்குவதற்கே எதிரி எடுத்து வீசினான். பணமுள்ளவன் கையில் சட்டம் எப்படியெல்லாம் வளைகிறது பாருங்கள்! அந்தத் தீர்ப்பைப் பார்லிமெண்டு சட்டத்தால் மாற்ற வேண்டும், கூடவே இந்தத் தொழிலுக்கு இலேசான கட்டுப்பாடு வேண்டும் என்று அங்குள்ள சிவில் நீதிக் கவுன்சில் 2025 ஜூனில் சிபாரிசு செய்தது.

அப்படியானால் பணம் போடுகிறவன் புண்ணியவான்தானா? பிரிட்டிஷ் தபால் இலாகா வழக்கைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம். கம்ப்யூட்டர் போட்ட தப்புக் கணக்கை நம்பி, கிளைத் தபால் நிலையம் நடத்திய நூற்றுக்கணக்கான சாமானியர்களைத் திருடர்கள் என்று பிடித்தார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். சிலர் உயிரையே விட்டார்கள். 555 பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். வெளியிலிருந்து வந்த முதல் இல்லாமல் அந்த வழக்கு நடந்திருக்காது. இதை மறைக்க வேண்டியதில்லை. 2019 டிசம்பரில் 5 கோடியே 77 லட்சத்து 50 ஆயிரம் பவுனுக்குச் சமரசமாயிற்று. வக்கீல் செலவும் முதல் போட்டவன் பங்கும் போக, பாதிக்கப்பட்டவர்களுக்கு மிஞ்சியது ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பவுன். ஐந்தில் ஒரு பங்கு! நியாயம் ஜெயித்தது, நியாயம் கேட்டவன் கையில் அரிசி போய் உமி வந்தது.

அதனால்தான் ஐரோப்பியப் பார்லிமெண்டு 2022 செப்டம்பரில் ஒரு தீர்மானம் போட்டது. கிடைக்கும் தொகையில் குறைந்தது 60 சதவீதம் வழக்காடியவனுக்குப் போக வேண்டும், முதல் போட்டவன் 40-க்கு மேல் எடுக்கக் கூடாது, அவன் யார் என்பது கோர்ட்டுக்குத் தெரிய வேண்டும் என்று கேட்டது. தீர்மானம் சட்டமாகவில்லை. அயர்லாந்தோ நேர் எதிர்ப் பக்கம்: பிறத்தியார் வழக்கில் பங்கு பேசிப் பணம் போடுவதே கூடாது என்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட் 2017-இல் சொல்லிவிட்டது.

நம் நாட்டில் நிலைமை என்ன? இது நமக்குப் புதிது என்று எண்ண வேண்டாம். ஜமீன் வாரிசு வழக்குகளில் லேவாதேவிக்காரன் பணம் போட்டுக் கிராமங்களை எழுதி வாங்கிய காலம் ஒன்று இருந்தது. மதராஸ் மாகாணத்திலிருந்து போன ஃபிஷர்–கமலா நாயக்கர் வழக்கில் 1860-லேயே பிரிவி கவுன்சில் இந்தக் கேள்வியைத் தொட்டது. 1876-இல் கல்கத்தா வழக்கு ஒன்றில் முடிவாகச் சொன்னார்கள்: இங்கிலாந்தில் இருந்த தடை இந்தியாவுக்குச் செல்லாது, நியாயமான வழக்குள்ள ஏழைக்குப் பணம் கொடுத்துப் பங்கு பேசுவது தானாகவே குற்றம் ஆகாது, ஆனால் அது கழுத்தறுப்பாக இருந்தால், சூதாட்டமாக இருந்தால், கோர்ட் அதை ஏற்காது. இன்றும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கிறோம். வக்கீல் பங்கு பேசக் கூடாது என்று 1954-இல் சுப்ரீம் கோர்ட் ஒரு பெரிய வக்கீலின் விஷயத்தில் கண்டித்தது. வக்கீல் அல்லாத மூன்றாம் ஆள் பணம் போட்டு, முடிவுக்குப் பிறகு திரும்ப வாங்கத் தடை இருப்பதாகத் தெரியவில்லை என்று 2018-இல் சொன்னது. எவ்வளவு வாங்கலாம்? எழுத்தில் வரம்பு கிடையாது.

அந்த வரம்பில்லாத வெளியில்தான் நம் சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் 'கிளைம் கேஸ்' நடக்கிறது.

ஒரிசாவிலோ மகாராஷ்டிரத்திலோ லாரி கவிழ்கிறது. டிரைவர் சாகிறார், அல்லது காலை இழந்து வருகிறார். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஒருவன் வந்து உட்காருகிறான். "அக்கா, பைசா நீங்க போட வேண்டாமுங்க. எப்.ஐ.ஆர். நகல், கோர்ட் செலவு, வண்டிச் செலவு எல்லாம் நம்மளுதுங்க. இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்கிறான். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து விழுகிறது. இடையிடையே பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு என்று கைமாற்றும் கொடுக்கிறான். அதற்கு வட்டியும் ஓடுகிறது. நஷ்டஈடு வரும் நாளில் கணக்கு அவன் நோட்டில் இருக்கிறது. லண்டனில் இதற்குக் கண்ணாடி மாளிகை. இங்கே டீக்கடை பெஞ்சு. தொழில் ஒன்றுதான்.

எல்லா வக்கீலையும் நாம் சொல்லவில்லை. சங்கத்துக்காரர் என்று தெரிந்தால் பீஸ் வாங்காமல் வாதாடும் வக்கீல்களும் இந்த ஜில்லாக்களில் உண்டு. நாம் சொல்வது நடுவில் நிற்கும் தரகனை.

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்துக்கே இந்தப் பயம் இருந்தது. 1923-இல் வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் 9-வது பிரிவு, அந்தத் தொகையைப் பிறருக்கு எழுதிக் கொடுக்க முடியாது, அடகு வைக்க முடியாது, கடனுக்கு ஜப்தி செய்யவும் முடியாது என்று கட்டிப் போட்டது. 2025 நவம்பர் 21-இல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்தது. மோட்டார் விபத்து நஷ்டஈட்டுக்குக் கோர்ட்டுகள்தான் வேலி போட வேண்டியிருந்தது. சூசம்மா தாமஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் வழி சொன்னது: எழுதப் படிக்கத் தெரியாதவர், மைனர், விதவை ஆகியோரின் பணத்தைப் பாங்கியில் நீண்ட கால டெபாசிட்டாகப் போடு, அதன்மேல் கடன் கொடுக்காதே, வட்டியை நேரே அவர்கள் கையில் கொடு. பணம் எவன் பைக்குப் போகிறது என்பது அந்த நீதிபதிகளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது!

தரகனுக்குத் தண்டனை? 2023-இல் வக்கீல்கள் சட்டத்தைத் திருத்தி, கோர்ட் தரகர்களைப் பட்டியல் போட்டு ஒட்டலாம், மூன்று மாதச் சிறை, 500 ரூபாய் அபராதம் என்று வைத்தார்கள். லட்சத்தில் பங்கு வாங்குகிறவனுக்கு 500 ரூபாய்! ஓவர்லோடு லாரிக்கே இதைவிடப் பல மடங்கு கட்டுகிறோம்.

"சரி, தரகனும் வேண்டாம், லண்டன் முதலாளியும் வேண்டாம் என்றால் ஏழை எப்படி வழக்காடுவான்?" என்று கேட்பது நியாயமான கேள்வி. பதில் பக்கத்திலேயே இருக்கிறது. 1965 வரை சேலம் ஜில்லாவோடு இருந்த தர்மபுரிப் பகுதியில், சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி.

1992 ஜூன் 20-ந் தேதி சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், ரெவின்யூக்காரர்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். பதினெட்டுப் பெண்களைக் கெடுத்தார்கள். வீடுகளை இடித்தார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள். பெண்களையும் குழந்தைகளையும் கொண்டுபோய் அடைத்தது சேலம் சிறையில். அந்த ஜனங்களிடம் வழக்குப் போட என்ன இருந்தது? சமைக்கப் பானை கூட மிச்சம் இல்லை. மலைவாழ் மக்கள் சங்கம் எழுந்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த ஏ. நல்லசிவன் மனுப் போட்டார். 1995-இல் சி.பி.ஐ. விசாரணைக்கு ஹைகோர்ட் உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு இழுத்த இழுப்பில் 54 பேர் செத்தே போனார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-இல் தர்மபுரிக் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 2023 செப்டம்பர் 29-இல் ஹைகோர்ட் அதை உறுதி செய்து, கெடுக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்கவும் உத்தரவிட்டது.

முப்பத்தோரு வருஷம்! எந்த முதல் போடும் கம்பெனி இதில் பணம் போட்டிருக்கும்? வருமானம் எவ்வளவு, எத்தனை வருஷத்தில் திரும்பும் என்று கணக்குப் பார்த்துவிட்டு, முதல் வாய்தாவிலேயே பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பான். பெரிய தொகை வராத வழக்குக்கு அவன் அகராதியில் இடமில்லை. சங்கம் போட்டது முதல் அல்ல. திரும்பக் கேட்காத கை.

சங்கத்தால் எல்லா வழக்கையும் சுமக்க முடியாது என்பதும் உண்மை. ஆனால் கிளைம் கேஸ் வாச்சாத்தி போல முப்பது வருஷச் சுமை அல்ல. கிளைத் தோழர்கள் சில விவரங்களைக் கையில் வைத்திருந்தால் தரகனுக்குப் பாதி வேலை போய்விடும். விபத்து எந்த மாநிலத்தில் நடந்தாலும், குடும்பம் வசிக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். கட்டாக்குக்கும் நாக்பூருக்கும் அலைய வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் முதல், தப்பு யாருடையது என்று நிரூபிக்காமலே சாவுக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. மோதிவிட்டு ஓடிய வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் சாவுக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50 ஆயிரம் உண்டு. ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற விதி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. நாம் ஆறு மாதம் என்றே வைத்துக்கொள்வோம்.

இன்னொன்று, வெளியில் அதிகம் தெரியாதது. 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் சட்டப்படி, பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே சர்க்கார் செலவில் வக்கீல் கிடைக்கும். தாழ்த்தப்பட்டோர், மலைவாழ் மக்கள், ஊனமுற்றோர், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கும் அப்படியே. சேலத்திலும் நாமக்கல்லிலும் ஜில்லாச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. டிரைவரின் மனைவி ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். சர்க்கார் கொடுக்கும் வக்கீல் அக்கறையாக நடத்துவாரா என்று சந்தேகப்படுகிறவர்கள், கிளையிலிருந்து ஒரு தோழரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூட அனுப்பிப் பார்க்கட்டும். பின்னால் ஆள் நிற்கிற வழக்கு வேறு, நிற்காத வழக்கு வேறு.

அதுவரை, ஆஸ்பத்திரி வராந்தாவில் நீட்டப்படும் பத்திரம் எதுவானாலும், கையெழுத்து விழுவதற்கு முன் சங்க ஆபீசுக்கு வரட்டும். படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது.