உப்புக்கும் சர்க்கரைக்கும் நடுவே 140 ஆண்டுகள்

காலராவுக்கு மருந்து எல்லா வீட்டுச் சமையலறையிலும் இருந்தது. அது மருந்து என்று உலகம் ஒப்புக்கொள்வதற்குள் லட்சக்கணக்கானோர் மாண்டுபோனார்கள். விஞ்ஞான அறிவு எப்படி வளர்கிறது, எங்கே தேங்குகிறது என்பதற்கு வங்காளத்தில் நடந்த இந்தக் கதையைவிட நல்ல சாட்சி இல்லை.

1971-ன் நடுப்பகுதி. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் சாரை சாரையாக மேற்கு வங்காளத்துக்குள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லையோர ஊரான பன்காவ் மருத்துவமனையில் காலரா நோயாளிகளுக்கு இருந்தவை இரண்டு அறைகள், 16 படுக்கைகள். மற்றவர்கள் தரையில் கிடந்தார்கள். வாந்தியும் பேதியும் பரவிய அந்தத் தரையில் மண்டியிட்டுத்தான் டாக்டர்கள் நரம்பில் ஊசி ஏற்ற வேண்டியிருந்தது. சலைன் பாட்டில்களோ தீர்ந்துகொண்டிருந்தன.

கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்திருந்த டாக்டர் திலீப் மஹலனாபிஸுக்கு அப்போது வயது 36. அவர் ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தாவில் இந்தப் பொடியை எடைபோட்டு பாலிதீன் பைகளில் அடைத்தார்கள். முகாமில் குழாய் வைத்த டிரம்களில் கரைத்தார்கள். குவளையில் பிடித்து நோயாளிக்குப் புகட்டியவர்கள் நர்சுகள் அல்ல; அம்மா, அண்ணன், பக்கத்துப் பாயில் இருந்தவர்.

முகாம்களில் சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு விகிதம், இந்தச் சிகிச்சை நடந்த இடத்தில் 3.6 சதவீதமாக இறங்கியது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். உப்பும் சர்க்கரையும் தண்ணீரும் 1971-ல் புதிதாக வந்தவை அல்லவே? பின்னே ஏன் அதுவரை காத்திருக்க நேர்ந்தது?

மறந்துபோன விடை

உண்மையில் பாதி விடை 1831-லேயே கிடைத்துவிட்டது. இங்கிலாந்தில் காலரா பரவியபோது வில்லியம் ஓஷானஸி என்ற 22 வயது டாக்டர் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தார். நீரும் உப்பும் பெருமளவு குறைந்திருந்தன. இழந்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்பவர் உப்புக் கரைசலை நரம்பில் ஏற்றிச் சிலரைப் பிழைக்க வைத்தார்.

ஆனால் அன்றைய வைத்திய உலகின் நம்பிக்கை வேறு. கெட்ட ரத்தத்தை வெளியேற்ற வேண்டும், பேதிக்குக் கொடுத்துக் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதே பெரியவர்களின் தீர்ப்பு. கொள்ளைநோய் ஓய்ந்ததும் லாட்டாவின் முறையும் மறைந்தது. ஓஷானஸி கல்கத்தாவுக்கு வந்து மருத்துவக் கல்லூரிப் பேராசிரியரானார். இந்தியாவில் தந்திக் கம்பி போட்டதற்காகத்தான் சரித்திரம் அவரை அதிகம் நினைவில் வைத்திருக்கிறது.

காலராக் கிருமியின் கதையும் இதே ரகம். இத்தாலியில் ஃபிலிப்போ பச்சினி அதை 1854-லேயே மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதிவிட்டார். யாரும் பொருட்படுத்தவில்லை. 30 ஆண்டுகள் கழித்து, 1884-ல், ராபர்ட் காக் கல்கத்தாவில் அதைப் பிரித்தெடுத்துக் காட்டியபோதுதான் உலகம் நிமிர்ந்து பார்த்தது. காக்கிடம் இருந்தது நல்ல மைக்ராஸ்கோப் மட்டுமல்ல. ஜெர்மன் அரசு அனுப்பிய குழு, காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த புகழ், நிரூபிக்க ஒரு முறை ஆகியவையும் இருந்தன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லெனார்ட் ரோஜர்ஸ் நரம்பில் சலைன் ஏற்றும் முறையைத் திருத்தி மீண்டும் கொண்டுவந்தார். சாவுகள் குறைந்தன. ஆனால் அதற்குச் சுத்தமான திரவம், ஊசி, பயிற்சி பெற்ற கை, ஆஸ்பத்திரி எல்லாம் வேண்டும். காலரா தாக்கும் கிராமத்தில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது.

முயல் குடலில் ஒரு முடிச்சு

கிருமி தெரிந்துவிட்டது. ஆனால் அது ஆளை எப்படிக் கொல்கிறது? குடலின் உட்சுவரை உரித்துப் புண்ணாக்கிவிடுகிறது என்பதே பாடப்புத்தகம் சொன்ன பதில். கிருமி ஒரு விஷத்தைக் கக்குகிறதோ என்று காக்கே ஊகித்திருந்தார். அந்த விஷத்தைத் தேடியவர்கள் பெரும்பாலும் அதை விலங்குகளின் ரத்தத்திலோ வயிற்றறையிலோ செலுத்திப் பார்த்தார்கள். ஒன்றும் பிடிபடவில்லை.

ஹூக்ளி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 1915-ல் பிறந்த சம்பு நாத் டே, லண்டனில் டாக்டர் பட்டம் பெற்றுவிட்டு 1949-ல் கல்கத்தா திரும்பினார். அவர் செய்தது கேட்பதற்கு மிக எளிது. முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை நூலால் இருபுறமும் கட்டினார். நடுவே காலராக் கிருமியைச் செலுத்தினார். அந்தத் துண்டு நீரால் புடைத்தது. நோய் குடலில்தானே? அப்படியானால் சோதனையும் குடலில்தான். இது 1953-ல் வெளிவந்தது. பிறகு கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத வடிநீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் புடைத்தது. கொல்வது கிருமி வெளியிடும் விஷம் என்று 1959-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அதே ஆண்டு பம்பாய் ஹாஃப்கின் நிலையத்தில் என்.கே. தத்தாவின் குழுவும் வேறு வழியில் இதே முடிவுக்கு வந்தது.

‘நேச்சர்’ யாரும் படிக்காத பத்திரிகை அல்ல. ஆனாலும் டேயின் கட்டுரையை மற்ற விஞ்ஞானிகள் எடுத்தாளத் தொடங்கச் சில ஆண்டுகள் ஆயின. விஷத்தைத் தூய வடிவில் பிரித்தெடுக்க டே முயன்றார், கைகூடவில்லை. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஃபின்கெல்ஸ்டைன் 1969-ல் அதைச் செய்தார். டே 1973-ல் ஓய்வுபெற்றார். 1978-ல் ஸ்டாக்ஹோமில் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு அழைக்கப்பட்டார். நோபல் பரிசுக்கு அவர் பெயரைப் பரிந்துரைத்தவர், தாமே அந்தப் பரிசைப் பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க். ஆனால் 1985-ல் டே மறையும்வரை இந்திய விஞ்ஞான அகாடமிகள் எதுவும் அவரை உறுப்பினராக்கவில்லை. பெங்களூரிலிருந்து வரும் ‘கரன்ட் சயின்ஸ்’ அவருக்காக ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தது 1990-ல்.

தமிழில் ‘கண்டுபிடிப்பு’ என்கிறோம். அந்தச் சொல்லுக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. காண்பது ஒன்று, பிடிப்பது இன்னொன்று. காண ஒரு ஜோடிக் கண் போதும். பிடித்து வைத்துக்கொள்ளப் பல கைகள் வேண்டும்: சந்தேகப்படும் கை, சோதித்துப் பார்க்கும் கை, பணம் ஒதுக்கும் கை, பாடப்புத்தகத்தைத் திருத்தும் கை. டே கண்டார். அவரைச் சுற்றியிருந்தவர்கள் பிடிக்கவில்லை.

சரியான மருந்து, போதாத சான்று

இனி மருந்தின் கதை. அதே கல்கத்தாவில், டேயின் முயல் சோதனை வெளிவந்த அதே 1953-ல், ஹேமேந்திர நாத் சாட்டர்ஜி என்ற டாக்டர் ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். 186 காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்ததாகச் சொன்னார். கூடவே அவர் சேர்த்துக்கொண்டது நம் வீட்டுத் தொட்டியில் வளரும் கற்பூரவல்லிச் சாறு.

உலகம் அசையவில்லை. நாட்டு வைத்தியம் என்ற இளக்காரம் இருந்திருக்கலாம். ஆனால் எல்லாப் பழியையும் அதன்மேல் போட முடியாது. கட்டுரையிலும் குறை இருந்தது. நோயாளி எவ்வளவு குடித்தார், எவ்வளவு வெளியேறியது என்று அளக்கவில்லை. இந்த மருந்து கொடுக்காத ஒரு குழுவோடு ஒப்பிடவும் இல்லை. குடல் புண்ணாகிக் கிடக்கிறது என்று நம்பிய டாக்டர்களுக்கு, அந்தக் குடல் குடித்த நீரை எப்படி உறிஞ்சும் என்பதற்கு அதில் பதில் இல்லை.

பதில் மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து, ஒருவரை ஒருவர் அறியாதவர்களிடமிருந்து வந்தது. கிருமி விஷத்தால் வேலை செய்கிறது என்றார் டே. 1960-ல் பாங்காக்கில் நோயாளிகளின் குடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்த யூஜீன் கங்கரோசா, உட்சுவர் உரியவே இல்லை என்று காட்டினார். அதே ஆண்டு பிராக் நகரக் கூட்டமொன்றில் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர், குடல் சர்க்கரையை உள்ளே இழுக்கும்போது சோடியத்தையும் கூடவே இழுக்கிறது என்றார். அவர் காலராவைப் பற்றி யோசிக்கவே இல்லை.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். விஷம் குடலை நீரைக் கொட்ட வைக்கிறது. ஆனால் சர்க்கரை நுழையும் வாசல் திறந்தே இருக்கிறது. அந்த வாசல் வழியே சர்க்கரை உப்பை அழைத்துக்கொண்டு போகிறது. உப்பின் பின்னால் தண்ணீர் போகிறது. வெறும் உப்புநீர் உதவாததும், சர்க்கரை சேர்ந்தால் உதவுவதும் இதனால்தான்.

இதற்குப் பிறகும் வழி நேராக இல்லை. 1962-ல் மணிலாவில் அமெரிக்கக் கடற்படை டாக்டர் ராபர்ட் பிலிப்ஸ் குளுக்கோஸ் கலந்த உப்புநீரைக் கொடுத்துப் பார்த்தார். முதலில் பலன் தெரிந்தது. அடுத்த சோதனையில் கரைசல் அளவுக்கு மீறிச் செறிவாகிவிட, ஐந்து நோயாளிகள் இறந்தார்கள். தத்துவம் சரி, அளவு தவறு. ஆனால் அந்த அதிர்ச்சி சில ஆண்டுகளுக்கு எல்லோர் கையையும் கட்டிப்போட்டது. 1968-ல் டாக்காவின் காலரா ஆராய்ச்சிக்கூடத்தில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரு இளம் டாக்டர்கள் சாட்டர்ஜி செய்யாததைச் செய்தார்கள். வெளியேறியதை அளந்து, அதே அளவு குடிக்கக் கொடுத்தார்கள். நரம்பில் ஏற்ற வேண்டிய சலைனின் தேவை சுமார் 80 சதவீதம் குறைந்தது. கல்கத்தாவிலும் இதே திசையில் ஆய்வுகள் நடந்துகொண்டிருந்தன.

மூன்று விரல் உப்பு

மஹலனாபிஸ் பன்காவில் கையில் எடுத்தது இந்த அறிவைத்தான். ஆராய்ச்சிக்கூடத்தில் நிபுணர் கண்ணெதிரே பலித்தது, படிக்காத அம்மாவின் கையில் பலிக்குமா என்பதே மிச்சமிருந்த சந்தேகம். பலிக்கும் என்று முகாம் காட்டியது. முறைப்படி ஒப்பீட்டுக் குழு வைத்து நடந்த சோதனை அல்ல அது; போர்க்காலத்தில் அதற்கு நேரமும் இல்லை, மனசாட்சியும் இடம் தராது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் திமன் பருவா நேரில் வந்து பார்த்தார். தன் நிறுவனத்துக்குள் இதற்காக வாதாடினார். 1978-ல் அந்த நிறுவனம் வயிற்றுப்போக்குத் தடுப்புத் திட்டத்தையே தொடங்கியது. சர்க்கரையும் சோடியமும் கைகோத்துச் செல்வது தெரியவந்தது இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று ‘லான்செட்’ தலையங்கம் எழுதியதும் அதே ஆண்டில்தான்.

தலையங்கம் படித்து யாரும் பிழைப்பதில்லை. வங்கதேசத்தில் ‘பிராக்’ என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை ஊர் ஊராகப் பெண் ஊழியர்களை அனுப்பியது. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை லிட்டர் தண்ணீர். இதைக் கலக்கிக் காட்டி, தாய்மாரையும் கலக்கச் சொன்னார்கள். சுமார் 1.2 கோடி வீடுகள். பிறகு வேறொரு குழு போய்த் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று சோதிக்கும். அவள் நினைவில் வைத்திருந்தால்தான் சொல்லிக்கொடுத்தவருக்கு முழுச் சம்பளம்.

ஆனாலும் தொடக்கத்தில் சொன்ன அளவுக்குப் பயன்பாடு இல்லை. விசாரித்தபோது ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. கற்றுக்கொடுத்த ஊழியர்களிலேயே பலர் தங்களுக்குப் பேதி வந்தால் இதைக் குடிப்பதில்லை! அவர்களுக்கே நம்பிக்கை இல்லை. அவர்களை டாக்காவுக்கு அழைத்துப்போய், நோயாளிகள் எழுந்து உட்காருவதைக் கண்ணால் காட்டினார்கள். வீட்டுப் பெண்களிடம் மட்டும் பேசியது போதாது என்று உணர்ந்து, ஆண்களையும் கூட்டிப் பேசினார்கள். அதன்பின் நிலைமை மாறியது. 1831-ல் லண்டன் டாக்டர்களுக்கு இருந்த அதே தயக்கம்தான் இது. பார்க்காமல் நம்பக் கூடாது என்பது விஞ்ஞானத்தின் பலம். பார்க்கவே மறுப்பதுதான் பலவீனம்.

முடியாத கணக்கு

இறுதியான சூத்திரம் கிடைத்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. 2002-ல் உலக சுகாதார நிறுவனம் கரைசலின் உப்பையும் சர்க்கரையையும் குறைத்தது. செறிவு 311-லிருந்து 245 அலகாக இறங்கியது. பழைய கலவையைவிட இதில் குழந்தைகளுக்கு வாந்தி குறைகிறது, சலைன் ஏற்றும் தேவையும் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியதே காரணம். 2004-ல் கூடவே துத்தநாகமும் கொடுக்கச் சொன்னார்கள். அறிவு தன்னையே திருத்திக்கொள்கிறது. ஆனால் அது தானாக நடப்பதில்லை. யாரோ கேள்வி கேட்க, யாரோ அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

சந்தையும் இந்த விளையாட்டில் உண்டு. சர்க்கரை மிகுந்த பானங்கள் பெட்டியில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்துகளோடு கடைகளில் விற்கப்பட்டன. அளவு மிஞ்சிய சர்க்கரை பேதியை அதிகமாக்கும். இந்தப் பெயரைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது 2025 அக்டோபரில்தான்.

மஹலனாபிஸ் 2022-ல் காலமானார். அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் அவர் பெயருக்கு வந்தது. மரியாதை தாமதமானால் பரவாயில்லை. மருந்து தாமதமாகக் கூடாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் பேதி கண்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ். கிடைத்தது சுமார் 60 சதவீதத்தினருக்கு. ஒரு பாக்கெட் கரைசல் இந்த மண்ணில்தான் பரீட்சை எழுதித் தேறியது. அப்படியிருந்தும் நூற்றில் 40 குழந்தைகளுக்கு அது போய்ச் சேரவில்லை.

கண்டாயிற்று. இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை.